பழைய சாலை மிதிவண்டி மீளமைப்பு

பழைய சாலை மிதிவண்டி மீளமைப்பு என்பது, நெடுங்காலம் ஓடித் தேய்ந்த அல்லது ஓட்டப்படாமல் கிடந்த ஓர் எஃகு மிதிவண்டியின் சட்டகத்தை வைத்துக்கொண்டு, பழுதுற்ற உறுப்புகளை நீக்கி, பொருந்தும் உறுப்புகளைத் தேர்ந்து, அதனை மீண்டும் ஓட்டத்தக்க நிலைக்குக் கொணர்தல் ஆகும். தமிழ்நாட்டு மிதிவண்டிக் கடைகளில் இவ்வேலையின் பெரும்பகுதி ‘ஓவராயில்’ என்ற சொல்லால் அறியப்படுகிறது. ஓவராயிலில் இருக்கும் உறுப்பைக் கழற்றித் துடைத்து மசகிட்டு மீண்டும் பூட்டுவர். மீளமைப்பிலோ உறுப்பையே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். எந்த மரை, எந்த விட்டம், எத்தனை பல் என்னும் கேள்விகள் அங்குதான் எழுகின்றன.

மிதிவண்டியின் எந்த உறுப்பும் தனித்துத் தேர்ந்தெடுக்கத்தக்கது அன்று. ரிம்மை மாற்றினால் நிறுத்தி பொருந்தாமல் போகலாம். பிரீவீலை மாற்றினால் சங்கிலியின் நீளம் மாறும். சங்கிலியை மட்டும் புதிதாக இட்டால் பழைய பற்கள் அதனை ஏற்காமல் தாவவிடும். எனவே சட்டகம் எதை அனுமதிக்கிறது, வண்டி எந்தச் சாலையில் ஓடப்போகிறது ஆகிய இரண்டையும் அறிந்த பின்னரே உறுப்புகளை வாங்குதல் முறையாகும். இக்கட்டுரையில் கள்ளக்குறிச்சிச் சமவெளியும் அதன் மேற்கே உள்ள கல்வராயன் மலைச்சாலைகளும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

சொல்வழக்கு

மிதிவண்டி உறுப்புகளுக்கு நூல்வழக்கும் கடைவழக்கும் வேறுபடுகின்றன. இக்கட்டுரையில் வரும் சொற்கள் வருமாறு:

* சட்டகம் – கடைவழக்கில் பிரேம்
* முன்கவை – போர்க்
* குடம் – ஹப். மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு வழங்கும் சொல்லே இது.
* ஆரைக்கம்பி – போக்ஸ் கம்பி
* மிதிகட்டை – பெடல்
* முன் பற்சக்கரம் – செயின்வீல்
* பிரீவீல் – பின்சக்கரத்தில் ஒருவழி மட்டும் பிடிக்கும் பற்சக்கரம்
* காட்டர் பின் – கிராங்கை அச்சுடன் இறுக்கும் சாய்வு ஆணி
* நிறுத்தி – பிரேக்
* மரை – திருகு உறுப்புகளில் உள்ள சுருள் வெட்டு

வரலாற்றுப் பின்னணி

ஒரே அளவுள்ள இரு சக்கரங்களும் பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலியும் கொண்ட இன்றைய வடிவம், 1885 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட ‘ரோவர்’ மிதிவண்டியின் வழியே நிலைபெற்றது. 1888 ஆம் ஆண்டு டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் பர்மிங்காம், நாட்டிங்காம் ஆகிய நகரங்களின் ஆலைகள் உருவாக்கிய கனமான, நிமிர்ந்து அமர்ந்து ஓட்டும் ‘ரோட்ஸ்டர்’ வகையே இந்தியாவில் பரவியது.

தமிழ்நாட்டில் முருகப்பா குழுமம், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து 1949 ஆம் ஆண்டு டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் ஆலை சென்னையை அடுத்த அம்பத்தூரில் அமைந்தது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. ஆகிய பெயர்கள் தமிழ்நாட்டில் வீட்டுப் பெயர்களாயின. வடக்கே 1951 ஆம் ஆண்டு சோனிப்பட்டில் அட்லஸ் நிறுவனமும், 1956 ஆம் ஆண்டு லூதியானாவில் ஹீரோ நிறுவனமும் தொடங்கப்பட்டன. வங்காளத்தின் ஆசன்சோலில் சென்-ராலே ஆலை இயங்கியது. லூதியானா காலப்போக்கில் உதிரி உறுப்புத் தயாரிப்பின் மையமாயிற்று. அட்லஸ் நிறுவனம் சாகிபாபாத்தில் இருந்த தன் ஆலையின் இயக்கத்தை 2020 ஆம் ஆண்டு சூன் மாதம் நிறுத்தியது.

இந்த வரலாறு உறுப்புத் தேர்வில் நேரடியாக வெளிப்படுகிறது. இந்திய ரோட்ஸ்டர்களின் அளவுகள் பெரும்பாலும் பிரித்தானிய அங்குல முறையைச் சார்ந்தவை. ஆயினும் பிரித்தானிய நிறுவனங்களும் தமக்குள் ஒரே அளவைப் பின்பற்றவில்லை. குறிப்பாக ராலே நிறுவனம் பல மாதிரிகளில் தனக்கெனத் தனி மரையை வைத்திருந்தது. ஆகவே வண்டியின் முன்குழலில் உள்ள பெயர்த்தகடு, அளவை ஊகிக்க உதவுமேயன்றி அளந்து பார்ப்பதற்கு ஈடாகாது.

நிலமும் பயன்பாடும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கள்ளக்குறிச்சி நகரமும் அதனைச் சூழ்ந்த நெல், கரும்பு வயல்வெளிகளும் சமதளத்தில் உள்ளன. மாவட்டத்தின் மேற்கில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை எழுகிறது. அதன் பெரும்பகுதி ஏறத்தாழ 2000 முதல் 3000 அடி வரை உயரமுடையது. மேற்குப் பகுதிகள் சேலம் மாவட்டத்தில் அடங்கும். கச்சிராயப்பாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்குச் செல்லும் சாலை சமவெளியிலிருந்து மலைமேல் ஏறுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இச்சாலைகள் நனைந்தே இருக்கும்.

ஆகவே ஒரே மாவட்டத்தில் இரு வேறு தேவைகள் எழுகின்றன. சந்தைக்கும் பள்ளிக்கும் வயலுக்கும் ஓடும் வண்டிக்குச் சுமைதாங்கும் சக்கரமும் எளிதில் கிடைக்கும் உறுப்புகளும் போதும். மலைச்சாலையில் ஓடும் வண்டிக்கு ஏற உதவும் பல்விகிதமும், இறங்கும்போது காக்கும் நிறுத்தியும் வேண்டும். ஏறுவதற்காகப் பல்விகிதத்தை மட்டும் மாற்றி, நிறுத்தியைப் பழையபடி விட்டுவிடுதல் மீளமைப்பில் நேரக்கூடிய மிக ஆபத்தான பிழையாகும். முன்பு மலையடிவாரத்தோடு நின்றுவிட்ட வண்டி, அம்மாற்றத்தால் மலையுச்சிக்குச் சென்றுவிடுகிறது; அங்கிருந்து அது கீழே இறங்கியாக வேண்டும்.

சட்டகத்தைச் சோதித்தல்

எந்த உறுப்பையும் வாங்குமுன் சட்டகம் மீளமைக்கத் தகுந்ததா எனக் காண வேண்டும். பழைய சாலை மிதிவண்டிகளின் சட்டகங்கள் பெரும்பாலும் எஃகுக் குழல்களை இணைப்புக் கூடுகளில் செருகிப் பித்தளையால் பற்றவைத்துச் செய்யப்பட்டவை. சோதிக்க வேண்டிய இடங்கள்:

* முன்குழலுக்குச் சற்றுப் பின்னே, மேற்குழல், கீழ்க்குழல் ஆகியவற்றின் அடிப்பக்கம். இங்கு வண்ணம் வெடித்து, குழல் சிறிது புடைத்திருந்தால், வண்டி முன்னால் எதிலோ மோதியுள்ளது எனக் கொள்ளலாம்.
* முன்கவையின் தலைப்பகுதி. இங்கு மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலும் முன்கவையை மாற்றியாக வேண்டும்.
* மிதியச்சு செல்லும் கூட்டின் அடிப்பகுதி. தண்ணீர் தேங்கித் துருப்பிடிப்பது பெரும்பாலும் இங்குதான்.
* பின்சக்கர அச்சு அமரும் தகடுகள்.

சட்டகம் கோணலாக உள்ளதா என்பதை ஒரு நூலைக் கொண்டே அறியலாம். பின்சக்கரத்தைக் கழற்றி, ஒரு பக்க அச்சுத்தகட்டில் நூலைக் கட்டி, முன்குழலைச் சுற்றி மறுபக்க அச்சுத்தகட்டுக்குக் கொண்டுவந்து இறுக்கிக் கட்ட வேண்டும். இருக்கைக் குழலிலிருந்து இருபக்க நூல்களுக்கும் உள்ள தூரம் சமமாக இருந்தால் பின்பகுதி நேராக உள்ளது. சமமில்லாவிடில், தூரம் மிகுந்த பக்கமாகப் பின்பகுதி வளைந்துள்ளது.

எஃகுச் சட்டகத்தில் சிறு கோணலை நிமிர்த்தலாம். அலுமினியச் சட்டகத்தில் அவ்வாறு செய்யலாகாது, அது வெடிக்கக்கூடும். வெடித்த முன்கவையைப் பற்றவைத்துப் பயன்படுத்துதல் மலைச்சாலைக்கு மட்டுமன்றிச் சமவெளிக்கும் பொருந்தாது. பிற உறுப்புகள் பழுதாயின் வண்டி நிற்கும். முன்கவை முறிந்தால் ஓட்டுநர் விழுவார்.

மரை அளவுகள்

மீளமைப்பில் மிகுதியான குழப்பம் தருவது மரையே. மிதியச்சுக் கூட்டின் மரைக்கு நான்கு முறைகள் வழங்கிவந்தன:

* பிரித்தானிய முறை: விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. வலப்பக்கக் கிண்ணம் இடமரை உடையது.
* ராலே முறை: விட்டம் 1⅜ அங்குலம், அங்குலத்துக்கு 26 மரை. இதிலும் வலப்பக்கம் இடமரை.
* இத்தாலிய முறை: விட்டம் 36 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை. இருபக்கமும் வலமரை.
* பிரெஞ்சு முறை: விட்டம் 35 மி.மீ., மரை இடைவெளி 1 மி.மீ. பழைய வண்டிகளில் இருபக்கமும் வலமரை.

1⅜ அங்குலம் என்பது 1.375 அங்குலம். முதல் இரு முறைகளுக்கும் விட்டத்தில் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. மரையின் நெருக்கமே வேறு. 26 மரைக் கூட்டில் 24 மரைக் கிண்ணத்தைத் திருகினால் முதல் ஓரிரு சுற்றுகள் உள்ளே செல்லும், பின்னர் இறுகும். அதனைப் பொருந்திவிட்டதாக எண்ணி மேலும் வலிந்து திருகினால் கூட்டின் மரை அழிந்துவிடும். கிண்ணத்தை மாற்றலாம், கூட்டின் மரை அழிந்தால் சட்டகமே வீணாகும்.

இதனைத் தவிர்க்க, கழற்றிய பழைய கிண்ணத்தில் அரை அங்குலத்தைக் குறித்துக்கொண்டு மரைகளை எண்ணிப் பார்க்கலாம். 12 இருந்தால் 24 மரை. 13 இருந்தால் 26 மரை. கிண்ணத்தின் அகலம் போதாவிடில், அளவு தெரிந்த மற்றொரு கிண்ணத்தின் மரைமேல் இதன் மரையைப் பொருத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். மரைகள் முழுநீளமும் ஒன்றுடனொன்று அமர்ந்தால் இரண்டும் ஒரே அளவாகும். முன்குழல் மரைக்கும் இதே சோதனை பொருந்தும். அங்கும் 1 அங்குல விட்டத்தில் 24 மரை, 26 மரை என இரு வகைகள் உள்ளன.

மிதிகட்டைகளின் மரை 9⁄16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. இடது மிதிகட்டை இடமரை உடையது. ஆகவே இடது மிதிகட்டையை வலது கிராங்கில் திருக முற்பட்டால் மரை அழியும்.

சக்கரங்கள்

டயர் அளவுகளை அங்குலத்தில் மட்டும் நோக்கினால் ஏமாற நேரும். ஒரே ‘28 அங்குலம்’ என்ற பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவுகள் உள்ளன. உறுதியான அளவு, டயரின் ஓரக்கம்பி ரிம்மில் அமரும் இடத்தின் விட்டமாகும். அது மில்லிமீட்டரில் குறிக்கப்படும்:

* 28 × 1½ – 635 மி.மீ. – இந்திய ரோட்ஸ்டர்
* 27 × 1¼ – 630 மி.மீ. – பழைய பந்தய வகை வண்டிகள்
* 700சி – 622 மி.மீ. – இன்றைய சாலை வண்டிகள்
* 26 × 1⅜ – 590 மி.மீ. – பல இலகு வகை வண்டிகளும் மகளிர் வண்டிகளும்

டயரின் பக்கச்சுவரில் ‘40-635’ என்று இருந்தால், 40 என்பது அகலம், 635 என்பது அமர்விட்டம். இரண்டாவது எண் மாறினால் டயர் பொருந்தாது. 28 × 1½ டயர்கள் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் கிடைப்பதால், கள்ளக்குறிச்சி போன்ற பகுதிகளில் ரோட்ஸ்டரை அதன் மூல அளவிலேயே வைத்திருப்பதற்கு வலுவான காரணம் உள்ளது. மலையில் டயர் கிழிந்தால் அடிவாரக் கடையில் வாங்கக்கூடிய அளவே நல்ல அளவு.

பிரித்தானிய மரபில் முன்குடத்துக்கு 32, பின்குடத்துக்கு 40 ஆரைக்கம்பிகள் உண்டு. பின்னாளில் இரண்டுக்கும் 36 என்பது பரவலாயிற்று. இரண்டு முறையிலும் மொத்தம் 72 தான்; ஆனால் குடமும் ரிம்மும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். 40 துளைக் குடத்துக்கு 36 துளை ரிம்மை வாங்கி வருவது மீளமைப்போர் அடிக்கடி செய்யும் வீண் செலவாகும். துளைகளை எண்ணிய பின்னரே வாங்க வேண்டும்.

எஃகு ரிம்மில் குரோமியப் பூச்சு உரிந்து, ஆரைக்கம்பித் துளைகளைச் சுற்றித் துரு ஊடுருவியிருந்தால் ரிம்மை மாற்றுதல் நலம். மேல்துரு மட்டுமாயின் தேய்த்துப் பயன்படுத்தலாம்.

பல்விகிதம்

இந்திய ரோட்ஸ்டரில் 44 அல்லது 48 பல் கொண்ட முன் பற்சக்கரமும் 18 பல் பிரீவீலும் வழக்கமானவை. பல்விகிதம் என்பது முன்பல் எண்ணிக்கையைப் பின்பல் எண்ணிக்கையால் வகுத்துப் பெறும் எண்ணாகும். 44/18 என்பது 2.44. 28 × 1½ சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.23 மீட்டர். ஆகவே மிதிகட்டை ஒருமுறை சுழன்றால் வண்டி 5.46 மீட்டர் செல்லும்.

ஏற்றத்தில் இதன் பொருள் என்ன என்பதை ஒரு கணக்கால் காணலாம். ஓட்டுநர் 70 கிலோ, வண்டி 20 கிலோ, சாலை நூறு மீட்டருக்கு 6 மீட்டர் ஏறுகிறது எனக் கொள்வோம். புவியீர்ப்பும் டயரின் உருள்தடையும் சேர்ந்து ஏறத்தாழ 60 நியூட்டன் விசையாகப் பின்னிழுக்கும். கிராங்கின் நீளம் 165 மி.மீ., வேகம் மணிக்கு 8 கி.மீ. எனில் பின்வரும் அளவுகள் கிடைக்கின்றன.

| அமைப்பு | ஒரு மிதிச்சுற்றில் செல்லும் தூரம் | நிமிடத்துக்கு மிதிச்சுற்று | மிதிகட்டையில் சராசரி விசை |
|---|---|---|---|
| 44 × 18 | 5.46 மீ | 24 | 316 நியூட்டன் |
| 44 × 22 | 4.47 மீ | 30 | 259 நியூட்டன் |
| 44 × 18, மூவேகக் குடத்தின் தாழ் கியர் | 4.10 மீ | 33 | 237 நியூட்டன் |
| 44 × 22, மூவேகக் குடத்தின் தாழ் கியர் | 3.35 மீ | 40 | 194 நியூட்டன் |

316 நியூட்டன் என்பது ஏறத்தாழ 32 கிலோ எடையின் அழுத்தம். இது சராசரி மட்டுமே. கிராங்க் நிலைக்குத்தாக நிற்கும் இடங்களில் அழுத்தம் பயன்படாததால், கிடைமட்டமாக நிற்கும் இடங்களில் ஏறத்தாழ இருமடங்கு தேவைப்படும். அதாவது ஓட்டுநர் தம் உடல் எடையில் பெரும்பகுதியை ஒவ்வொரு மிதியிலும் இறக்க வேண்டும். சில நூறு மீட்டர் இது இயலும். பல கிலோமீட்டர் இயலாது.

இந்திய ரோட்ஸ்டரின் முன் பற்சக்கரம் வலது கிராங்குடன் பிரிக்கவியலாமல் இணைந்திருப்பது வழக்கம். ஆகவே பிரீவீலை மாற்றுவதே எளியதும் மலிவானதுமாகும். 18 பல்லுக்குப் பதில் 22 பல் இட்டால் விசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். சமவெளியில் அதே மிதிவேகத்துக்கு வண்டியின் வேகம் குறைவது இதற்கான விலை. நான்கு பல் கூடும்போது, அச்சு அதே இடத்தில் இருக்க வேண்டுமாயின் சங்கிலி 1 அங்குலம் நீள வேண்டும். சங்கிலியை மாற்றாவிடில் அச்சை ½ அங்குலம் முன்னே நகர்த்த வேண்டும். அச்சுத்தகட்டில் அதற்கு இடமுண்டா எனவும், டயர் சட்டகத்தில் உரசாதா எனவும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சமவெளி வேகத்தையும் இழக்காமல் மலையும் ஏற விரும்புவோர்க்கு மூவேகக் குடம் ஏற்றது. இங்கிலாந்தின் ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் புகழ்பெறச் செய்த இக்குடத்தினுள் கோள்பற்சக்கர அமைப்பு உண்டு. அதன் ‘ஏ.டபிள்யூ.’ மாதிரியில் நடுக் கியர் நேரடியானது. தாழ் கியர் அதன் நான்கில் மூன்று பங்கு. உயர் கியர் அதன் மூன்றில் நான்கு பங்கு. 40 துளையுள்ள பழைய குடம் கிடைத்தால் ரோட்ஸ்டரின் பின் ரிம்மிலேயே கோக்கலாம். ஸ்டர்மி-ஆர்ச்சர் பெயரும் தொழிலும் 2000 ஆம் ஆண்டு தாய்வானின் சன்ரேஸ் நிறுவனத்தின் உடைமையாயின.

நிறுத்திகள்

மேற்கண்ட 90 கிலோ வண்டியும் ஓட்டுநரும் 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 441 கிலோஜூல். இது 1.4 லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொணரப் போதுமானது. 6 விழுக்காடு இறக்கத்தில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சீராக இறங்கினால், காற்றும் உருள்தடையும் இதில் மூன்றில் ஒரு பங்கையே எடுத்துக்கொள்ளும். எஞ்சிய இரண்டு பங்கும் நிறுத்திக் கட்டைகளிலும் ரிம்மிலும் வெப்பமாக மாற வேண்டும். பிடி நழுவினால் அந்த ஆற்றல் வேகமாக மாறும்.

ரோட்ஸ்டரின் கம்பி நிறுத்தியில், கைப்பிடியிலிருந்து எஃகுக் கம்பிகள் சென்று இரப்பர் கட்டைகளை ரிம்மின் உட்புறத்தில் அழுத்துகின்றன. இதற்கென ரிம்மின் உட்புறம் இருபக்கமும் வளைந்து நடுவில் புடைத்திருக்கும். இவ்வடிவம் ‘வெஸ்ட்வுட்’ எனப்படும். தட்டையான பக்கச்சுவர் உடைய ரிம்மில் கம்பி நிறுத்தி வேலை செய்யாது. வெஸ்ட்வுட் ரிம்மில் இடுக்கி வகை நிறுத்தி வேலை செய்யாது. ஆகவே இவ்விரண்டையும் இணையாகவே தேர்ந்தெடுக்க வேண்டும்.

குரோமியம் பூசிய எஃகு ரிம் நனைந்தால் இரப்பர் கட்டையின் பிடி பெரிதும் குறைந்துவிடும். அலுமினிய ரிம் நனைந்தாலும் ஓரளவு பிடிக்கும். எனவே மழைக்கால மலைப்பயணத்துக்கு அலுமினிய ரிம்மும் இடுக்கி நிறுத்தியும் உகந்தவை. ஆனால் ரோட்ஸ்டரின் முன்கவைத் தலையில் இடுக்கியைப் பூட்டும் துளை இல்லாமல் இருக்கலாம். அங்குத் துளையிடுதல் முன்கவையை வலுவிழக்கச் செய்யும். பின்னர் திருத்தவும் இயலாது. துளையுள்ள வேறு முன்கவையை அளவு பார்த்து மாற்றுவதே பாதுகாப்பு.

இடுக்கி நிறுத்தியுள்ள வண்டியில் சக்கர அளவை மாற்றும்போது கட்டையின் இடம் மாறும். 630 மி.மீ. ரிம்முக்குப் பதில் 622 மி.மீ. ரிம் இட்டால் கட்டை 4 மி.மீ. கீழிறங்க வேண்டும், 635 மி.மீ. ரிம்முக்குப் பதில் இட்டால் 6.5 மி.மீ. இறங்க வேண்டும். நிறுத்திக் கைகளின் நீளம் அதற்கு இடம் தராவிடில் கட்டை டயரில் உரசி அதைக் கிழிக்கும்.

கம்பி நிறுத்தியை வைத்துக்கொள்வோர், ரிம்மின் கோணலை முழுதும் எடுத்து, இறுகிப்போன பழைய கட்டைகளை நீக்கிப் புதியன இட்டு, கம்பி மூட்டுகளின் ஆட்டத்தைக் குறைக்க வேண்டும். அவ்வாறு செய்த பின்னும், நனைந்த மலைச்சாலையில் அவ்வண்டியில் அமர்ந்து இறங்காமல் தள்ளிக்கொண்டு நடந்து இறங்குவதே தகும்.

சங்கிலியும் பற்களும்

மிதிவண்டிச் சங்கிலியின் கண்ணி இடைவெளி ½ அங்குலம். ஒற்றைப் பிரீவீல் வண்டிக்கு ⅛ அங்குல அகலமும், பல கியர் வண்டிக்கு 3⁄32 அங்குல அகலமும் உள்ள சங்கிலி வேண்டும். அகலச் சங்கிலி மெல்லிய பல்லில் ஓடும். மெல்லிய சங்கிலி தடித்த பல்லில் அமராது.

தேய்மானத்தை ஓர் அளவுகோலால் அறியலாம். புதிய சங்கிலியில் 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம். அது 12 1⁄16 அங்குலமாக நீண்டிருந்தால் சங்கிலியை மாற்ற வேண்டும். 12⅛ அங்குலத்தை எட்டியிருந்தால் பிரீவீலும் தேய்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிடில் ஏற்றத்தில் முழு எடையையும் ஊன்றி மிதிக்கும் வேளையில் சங்கிலி பல்லைத் தாவும், ஓட்டுநர் நிலைதடுமாறுவார்.

குண்டுகளும் காட்டர் பின்னும்

சுழலும் இடங்களில் உள்ள எஃகுக் குண்டுகள் மலிவானவை. ஆகவே கழற்றிய இடத்திலெல்லாம் அவற்றைப் புதிதாக இடுதல் நன்று. வழக்கமான அளவுகள்: முன்குடம் 3⁄16 அங்குலம், பின்குடம் ¼ அங்குலம், மிதியச்சு ¼ அங்குலம், மிதிகட்டை 5⁄32 அங்குலம். குண்டு ஓடும் கிண்ணத்திலும் கூம்பிலும் குழிகள் விழுந்திருந்தால் குண்டை மட்டும் மாற்றிப் பயனில்லை.

காட்டர் பின் ஒருபக்கம் சாய்வாகச் சீவப்பட்டது. இருபக்கப் பின்களும் எதிரெதிர்த் திசையில் செருகப்பட வேண்டும். தவறினால் இரு கிராங்குகளும் ஒரே நேர்க்கோட்டில் நில்லா. பின்னின் விட்டமும் வண்டிக்கு வண்டி வேறுபடும், 9.5 மி.மீ., 9 மி.மீ. ஆகியவை பரவலான அளவுகள். பழைய பின்னை உடன் கொண்டுசென்று வாங்குதல் நன்று. நட்டை முறுக்கிப் பின்னை உள்ளிழுக்கக் கூடாது. மெல்லிய மரை அறுந்துவிடும். கிராங்கின் அடியில் கனமான இரும்பைத் தாங்கலாக வைத்துத் தட்டி இறக்கி, பின்னர் நட்டை இறுக்க வேண்டும்.

கைப்பிடித் தண்டும் இருக்கைத் தண்டும்

பழைய சாலை வண்டிகளின் கைப்பிடித் தண்டு பெரும்பாலும் 22.2 மி.மீ. விட்டமுடையது, பிரெஞ்சு வண்டிகளில் 22 மி.மீ. இருக்கைத் தண்டின் விட்டம் சட்டகக் குழலின் தடிப்பைப் பொறுத்து மாறும். 0.2 மி.மீ. வேறுபாடும் பொருந்தாமைக்குப் போதுமானது. அலுமினியத் தண்டை எஃகுக் குழலில் இடும்போது மசகு தடவ வேண்டும். இல்லாவிடில் ஈரத்தில் இரு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு ஏற்பட்டு அவை பிரிக்கவியலாமல் ஒட்டிக்கொள்ளும். தண்டில் குறிக்கப்பட்ட எல்லைக்கோடு வெளியே தெரியும்படி உயர்த்தக் கூடாது.

பந்தய வகை வண்டிகள்

வளைந்த கைப்பிடியும் பல கியர்களும் உடைய பழைய பந்தய வகை வண்டிகளில், பின் அச்சுத்தகடுகளின் இடைவெளி முதலில் அளக்கப்பட வேண்டும். ஐந்து கியர் வண்டிக்கு 120 மி.மீ., ஆறு அல்லது ஏழு கியருக்கு 126 மி.மீ., அதன் பிந்திய சாலை வண்டிகளுக்கு 130 மி.மீ. என்பன வழக்கமான அளவுகள். எஃகுச் சட்டகத்தைச் சில மில்லிமீட்டர் விரிக்கலாம். ஆனால் இருபக்கமும் சமமாக விரிந்ததை நூலால் சோதிக்க வேண்டும்.

கியர் மாற்றும் நெம்புகோல் இருவகைப்படும். பழைய உராய்வு வகையில் ஓட்டுநரே இடத்தை உணர்ந்து நிறுத்துவார்; ஆகவே வெவ்வேறு நிறுவன உறுப்புகளைக் கலந்து பயன்படுத்தலாம். 1980களின் நடுப்பகுதியில் ஷிமானோ பரவலாக்கிய படிநிலை வகையில், ஒவ்வொரு சொடுக்குக்கும் குறித்த தூரமே நகரும். அதில் நெம்புகோல், கியர்மாற்றி, பற்சக்கரத் தொகுதி ஆகிய மூன்றும் ஒத்த அளவினவாக இருக்க வேண்டும். பொருந்தும் உறுப்புகள் அருகில் கிடைக்காத சிறு நகரங்களுக்கு உராய்வு வகையே நடைமுறைக்கு உகந்தது.

மீட்கவியலாத மாற்றங்கள்

உறுப்பை மாற்றுதல் மீட்கத்தக்கது. பழையதைத் துணியில் சுற்றி வைத்தால் பின்னர் வருபவர் மீண்டும் பூட்டலாம். துளையிடுதல், அறுத்தல், மரையை மீள வெட்டுதல், முத்திரைகளின்மேல் வண்ணம் பூசுதல் ஆகியவை மீட்கவியலாதவை. தந்தையோ தாத்தாவோ ஓட்டிய வண்டியை மீளமைப்போர் முதல் வகையைத் தாராளமாகவும், இரண்டாம் வகையை வேறு வழியில்லாதபோது மட்டும் செய்தல் வேண்டும். ஆயினும் பழமையைக் காத்தல் என்ற பெயரில் வெடித்த முன்கவையையோ பிடிக்காத நிறுத்தியையோ வைத்திருத்தல் ஏற்கத்தக்கதன்று.

இரு அமைப்புகள்

சமவெளிக்கு: மூலச் சட்டகம், 28 × 1½ எஃகு ரிம், 32, 40 ஆரைக்கம்பிகள், 44 × 18 பற்கள், ⅛ அங்குலச் சங்கிலி, புதிய கட்டைகளுடன் கம்பி நிறுத்தி. இதன் எல்லா உறுப்புகளும் சிறு நகரக் கடைகளில் கிடைப்பவை.

மலைச்சாலைக்கு: அதே சட்டகம், வெடிப்பின்றிச் சோதித்த, நிறுத்தித் துளையுள்ள முன்கவை, அலுமினிய ரிம், இரு சக்கரங்களுக்கும் இடுக்கி நிறுத்தி, 22 பல் பிரீவீல் அல்லது மூவேகக் குடம், புதிய சங்கிலி. இதில் பிரீவீலுக்கு ஆகும் செலவு சிறிது. முன்கவைக்கும் ரிம்முக்கும் நிறுத்திக்கும் ஆகும் செலவு பெரிது. பணம் போதாதபோது பிரீவீலை மட்டும் மாற்றிக்கொண்டு புறப்படுதல் கூடாது. நிறுத்திக்கான பணம் சேரும் வரை வண்டி சமவெளியிலேயே ஓடட்டும்.

வேலை வரிசை

1. சட்டகத்தையும் முன்கவையையும் சோதித்தல்.
2. எல்லா உறுப்புகளையும் கழற்றி, மரை, விட்டம், துளை எண்ணிக்கை, பல் எண்ணிக்கை ஆகியவற்றைத் தாளில் எழுதுதல்.
3. வண்டி ஓடப்போகும் சாலையையும் சுமக்கப்போகும் எடையையும் முடிவுசெய்தல்.
4. சக்கரத்தையும் நிறுத்தியையும் இணையாகத் தேர்தல்.
5. பல்விகிதத்தையும் சங்கிலியையும் இணையாகத் தேர்தல்.
6. குண்டுகள், காட்டர் பின், கம்பிகள் ஆகியவற்றைப் புதிதாக வாங்குதல்.
7. பூட்டிய பின் சமதளத்தில் ஓட்டி, எல்லா நட்டுகளையும் மீண்டும் இறுக்குதல்.
8. மலைக்குச் செல்லுமுன், சிறிய இறக்கம் ஒன்றில் முன் நிறுத்தியையும் பின் நிறுத்தியையும் தனித்தனியே சோதித்தல்.

இரண்டாம் படியில் எழுதிய தாளை வண்டியின் உரிமையாளரிடம் வைத்திருத்தல் நலம். அடுத்த முறை அவ்வண்டியைப் பிரிப்பவருக்கு, அது எந்த அளவுகளில் கட்டப்பட்டது என்பதை அத்தாளே தெரிவிக்கும்.